அக்காவின் தலகாணிக் கடை

என் அக்காவுக்கு இடது மார்பை எடுத்த பிறகு வலியைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது அந்தப் பக்கத்துக் கைதான். தொங்கவிட்டால் தையல் போட்ட இடத்தில் உரசியது. தூக்கி வைத்தால் தோள்பட்டை கடுத்தது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரவல் வாங்கி வந்த பாத்திரத்தைப் பிடித்திருப்பது போல உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள்.

அவள் இருப்பது தவளக்குப்பத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில். மாமாவுக்கு, அதாவது அவள் வீட்டுக்காரருக்கு, கொஞ்சம் நிலம் உண்டு. அதோடு குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஊர்க் காய்கறியைப் புதுச்சேரி மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிறார். ஆபரேஷன் நடந்த பெரிய ஆஸ்பத்திரி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோரிமேட்டில் இருக்கிறது. கட்டு மாற்ற, மருந்து ஏற்ற என்று அடிக்கடி போக வேண்டியிருந்ததால் நெல்லித்தோப்பில் இருக்கும் என் வீட்டிலேயே அக்காவைத் தங்க வைத்துக்கொண்டேன். நான் அப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவளுக்காக நீண்ட விடுப்பு போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்த முதல் நாள், ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த இலவம்பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, நைந்த பருத்திப் புடவைத் துணியில் உருண்டையாக ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தேன். அக்குளில் வைத்தால் அது உருண்டு ஓடியது. அடுத்ததைச் சதுரமாகத் தைத்தேன். அதன் முனை குத்தியது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முந்திரிக்கொட்ட மாதிரி வளைச்சித் தையேன். உள்வளைவு மேல பாத்தா மாதிரி இருந்தா கையி அதுல உக்காந்துக்கும்" என்றாள். அப்படியே தைத்தேன். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு நாடாவும் வைத்தேன். அன்றைக்குத்தான் அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனாள். நான் விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோர் கண்ணும் அந்தத் தலையணை மேல்தான். திண்டிவனம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவளும் தன் கையை அதே மாதிரி தள்ளிப் பிடித்திருந்தாள். அக்கா நாடாவைக் கழற்றி, தலையணையை அவள் அக்குளில் வைத்துவிட்டாள். கட்டு மாற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அதைத் திரும்ப வாங்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் பையில் சிலவற்றை எடுத்துப்போனோம். ஊர் திரும்பிய பெண்கள் அங்கிருந்து போன் செய்து, தங்களுக்குத் தெரிந்தவருக்கு ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அக்காவுக்கு மருந்து ஏற்றும் காலம் முடிந்து, தலையில் முடி பூனை ரோமம் மாதிரி முளைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் அவள் வெளியே போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருவாள். ஊரில் நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போக மறுத்துவிட்டாள். முந்தானையை இழுத்து இடது பக்கம் முழுக்கப் போர்த்திக்கொண்டு என் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. தலையணையை இணையத்தில் விற்கலாம் என்று நான் சொன்னதற்கு உண்மையான காரணம் அதுதான். தைப்பது நான், பஞ்சு அடைப்பதும் ஆர்டர் பார்ப்பதும் அவள் என்று பேசிக்கொண்டோம்.

படம் எடுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. விலை வைப்பதும் அப்படியே. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் காலியாக நின்றன. ஒன்று வரி, இன்னொன்று அனுப்பும் கட்டணம். அந்த இரண்டையும் நிரப்ப எங்களுக்கு ஒரு மழைக்காலமே ஆனது.

வரிக்காக மகாத்மா காந்தி வீதியில் ஒரு மாடியில் வரிக்கணக்கு பார்த்துக்கொடுக்கும் அம்மாவிடம் போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர். வரிப் பட்டியலில் தலையணைக்கு ஒரு எண் உண்டு, வெறும் உறைக்கு வேறு எண் உண்டு, எண் மாறினால் வரியும் மாறும் என்று முதலில் விளக்கினார். பிறகு எங்கெங்கே விற்கப்போகிறோம் என்று கேட்டார். பாதிப் பேர் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் என்று சொன்னேன்.

"அப்ப ரிஜிஸ்டர் பண்ணித்தான் ஆகணும். கோரிமேடு எல்லைக்கு அந்தாண்ட ஒரே ஒரு தலகாணி அனுப்பினாகூட அது வெளி மாநில விற்பனை" என்றார்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். "ஆஸ்பத்திரிக்கு எதுக்க டீக்கட வச்சிருக்கிற அம்மா கேட்டாங்கன்னா?"

"அவங்க வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கணும்."

அந்த அம்மா சிரிக்காமல்தான் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் வரி இரண்டு பாதியாகப் பிரிந்து ஒன்று மத்திய அரசுக்கும் ஒன்று புதுச்சேரிக்கும் போகும். அந்தப் பக்கம் என்றால் ஒரே முழுசாக வேறு பெயரில் போகும். வாங்குகிறவர் கொடுக்கும் தொகை ஒன்றுதான். ஆனால் பில்லில் சரியாக வர வேண்டும். மாஹே, ஏனாம், காரைக்கால் மூன்றுக்கும் உள்ளூர்க் கணக்கு என்பதை மறந்துவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். கேரளாவுக்குள் கிடக்கிற மாஹே நம்ம ஊர், நடந்து போகிற தூரத்திலிருக்கிற தெரு வெளியூர். பிரெஞ்சுக்காரன் பிடித்து வைத்திருந்த நாலு இடத்தை ஒரு மாநிலமாக்கி வைத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது ஒரு தலையணைக்கு இவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியவில்லை.

இறங்கி வரும்போது படிக்கட்டில் அக்காவுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. கூரியருக்கு வாங்கும் காசுக்கும் வரி சேர்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

"நாம விக்கறது தலகாணிதான? கூரியர நாம விக்கலயே. அதுக்கு ஏன் வரி?"

தலையணையோடு சேர்ந்து போவதால் அதற்கும் தலையணை வரிதான் என்று எனக்குப் புரிந்தவரை சொன்னேன். அவள் சமாதானம் ஆகவில்லை. பஸ்ஸில் நெல்லித்தோப்பு வரும்வரை, கல்யாணத்துக்குப் போனவர்களிடம் மொய் கேட்டால் சரி, கூட வந்த வண்டிக்காரரிடமும் மொய்யா என்று முனகிக்கொண்டே வந்தாள். நோயைத் தவிர வேறு ஒன்றுக்காக அவள் கோபப்பட்டு நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது கூரியர். நூறடி சாலையில் ஒரு கூரியர் கடைக்குத் தலையணையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். தராசில் வைத்தால் முள் அசையவே இல்லை என்கிற அளவுக்கு லேசு. அதனால் கட்டணமும் லேசாக இருக்கும் என்று நினைத்தோம். கடைக்காரர் தராசைப் பார்க்கவே இல்லை. டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து, பெருக்கி, எதனாலோ வகுத்து ஒரு தொகையைச் சொன்னார். டெல்லிக்கு அனுப்பினால் தலையணை விலையையே தொட்டுவிடும் போலிருந்தது.

"காசு எடைக்கு இல்லம்மா, எடத்துக்கு. வண்டியில எவ்ளோ எடத்த அடைக்குதுன்னுதான் பாப்போம்" என்றார்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம ஒல்லிச் சித்தி பஸ்ல ரெண்டு சீட்ட புடிச்சிக்குமே, அந்த மாதிரி" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் தொடங்கிவிட்டாள். சிரித்தால் தழும்பு இழுக்கும் என்பதால் இடது பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். கூரியர்க்காரர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வழி அவள்தான் கண்டுபிடித்தாள். இலவம்பஞ்சை அமுக்கினால் அப்பளம் மாதிரி படியும், வெயிலில் போட்டால் மறுபடி உப்பி எழும்பும். தலையணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் மேல் அவள் உட்கார்ந்துகொள்ள, நான் காற்றை வெளியேற்றி ஓரத்தை ஒட்டுவேன். பெட்டி சின்னதாகிவிட்டது. மெலிந்துபோயிருந்த அவளுக்கு எடை போதாதபோது மாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பெட்டிக்குள் ஒரு சீட்டும் வைத்தோம்: பிரித்ததும் வெயிலில் காயவைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பயன்படுத்தவும்.

ஐப்பசி மழை பிடித்ததும், அதுவரை போனில் கேட்டு வாங்கியவர்களிடமிருந்து போன்கள் வர ஆரம்பித்தன. கடலூரிலிருந்து ஒரு அம்மா, தங்கள் ஊரில் வெயிலே இல்லை, தலையணை சப்பாத்தி மாதிரி கிடக்கிறது என்றார். அக்கா அவரிடம் பஞ்சைத் துணியோடு சேர்த்து விரலால் பிய்த்துவிடும்படி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அப்படியே பேச்சு எந்தப் பக்கம் ஆபரேஷன், வீக்கம் இருக்கிறதா, கை தூக்க முடிகிறதா என்று போகும். வெயில் கேட்டு வந்த போன் வைக்கப்படும்போது தலையணையைப் பற்றிய பேச்சே இருக்காது.

கட்டணத்தை எப்படி வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். எல்லா ஊருக்கும் ஒரே கட்டணம் என்றாள் அவள். அது கட்டுப்படியாகாது என்றேன் நான்.

"தூரத்துல இருக்கறவ இன்னா பாவம் பண்ணா? வலி எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"வலி ஒண்ணுதான்க்கா. கூரியர்க்காரர் டேப்பு ஒண்ணு இல்லையே."

கடைசியில் மூன்று வட்டமாகப் பிரித்தோம். புதுச்சேரி, அடுத்து தென் மாநிலங்கள், அதற்கப்பால் மற்ற எல்லாம். புதுச்சேரிக்குக் கட்டணமே வேண்டாம் என்று மாமா சொன்னார். தினமும் மார்க்கெட்டுக்கு வருகிறவர், போகிற வழியில் தானே கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். முத்தியால்பேட்டையானாலும் வில்லியனூரானாலும் பரவாயில்லை என்றார். மாநிலம் என்று கேட்ட இடத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தோம். கட்டணம் என்ற இடத்தில் அக்கா சந்தோஷமாகப் பூஜ்யம் அடித்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மாமா காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் தலையணைப் பையை வைத்து எடுத்துப்போய், வீட்டு வாசலில் நின்று, ஆள் பெண்ணாக இருந்தால் கொஞ்சம் கூச்சப்பட்டு, "எங்க வீட்லயும் இதே ஆபரேஷன்தாம்மா, இப்ப நல்லாருக்கா" என்று சொல்லிவிட்டு வருவார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்கிய ஒரு பெண் போனில் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் காலை நான் அன்றைய ஆர்டர்களின் விலாசங்களை ஒட்டி மாமாவின் பையில் வைத்திருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் வந்தவர் டீயைக் குடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா, இது எந்தத் தெரு? பள்ளூர்னு போட்டிருக்குது. நம்ம பாகூர தப்பா எழுதிட்டியா?"

வாங்கிப் பார்த்தேன். மலையாளத்து வீட்டுப் பெயர், பள்ளூர், மாஹே. மாநிலம், புதுச்சேரி. அனுப்பும் கட்டணம், இலவசம். வரிக்கு உள்ளூராக இருந்த மாஹே கட்டணத்துக்கும் உள்ளூராகிப்போயிருந்தது. எங்கள் கடையில் பள்ளூரும் முத்தியால்பேட்டையும் ஒன்றுதான்.

நான் ஆர்டரை ரத்து செய்துவிடலாம், இல்லையென்றால் போன் போட்டுக் கட்டணத்தைக் கேட்கலாம் என்றேன். இலவசம் என்று போட்டது நாம்தானே என்றாள் அக்கா. கூரியரில் நம் செலவில் அனுப்பிவிட்டு, அந்தக் கட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. விலாசத்தில் வீட்டு எண் இல்லாததால் அதைக் கேட்க அக்கா போன் செய்தாள்.

எடுத்தது ஒரு பெண். புதுச்சேரியில் தங்கிக் கல்லூரி படித்தவளாம். கொஞ்சம் மலையாள வாடையோடு நல்ல தமிழ் பேசினாள். தலையணை அவளுடைய அம்மாவுக்கு. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அறையை விட்டு வெளியே வருவதில்லை, கண்ணாடி மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார், மேற்கொண்டு மருந்து ஏற்றக் கோழிக்கோட்டுக்கு வரவும் மறுக்கிறார் என்றாள். பஸ் குலுங்கினால் வலிக்கும் என்பது ஒரு சாக்கு என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சாக்கையாவது எடுத்துவிடலாம் என்றுதான் தலையணை தேடியிருக்கிறாள். அக்காவுக்கும் அதே ஆபரேஷன் என்று தெரிந்ததும், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள்.

போன் கைமாறியது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு மலையாளம் தெரியாது. அக்கா ஏதோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. 

போனை வைத்த பிறகு அக்கா மடியில் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "போன்ல பேசி ஆவாது" என்றாள்.

மாமா பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவளைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ, "உள்ளூர் டெலிவரின்னா நான்தான கொண்டுபோயி குடுக்கணும்? குட்டியான அவ்ளோ தூரம் தாங்குமான்னு பாக்கறேன்" என்றார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ரயில் போவுது இல்ல?"

மாமா செருப்பை மாட்டாமல் நின்றார். நானும் சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். ஒரு வளைகாப்புக்கு வரமாட்டேன் என்றவள், எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தால் ஜன்னல் கதவைச் சாத்துகிறவள். அவள் கேட்டது வேடிக்கை இல்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"போவுது. மங்களூர் பக்கம் போற வண்டி நம்ம ஸ்டேஷன்லயே பொறப்படுது" என்றார் மாமா.

"அப்ப போலாமா?"

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் மட்டும் எந்த ஊருக்கும் போனதில்லை. நிலத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது, மாட்டை யார் பார்ப்பது என்றே காலம் போயிருந்தது. இந்த முறை மாட்டைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் புதுத் துணியில் ஒரு தலையணை தைத்தேன். அமுக்கி ஒட்டப் போனபோது அக்கா தடுத்தாள். கையில்தானே கொண்டு போகிறாள், அது உப்பினது உப்பினபடியே போகட்டும் என்றாள். தன் தலையணையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த அம்மாவுடையதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மாமா இரண்டு நாளைக்குக் காணுமளவு புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு எதிரே உட்கார்ந்தார். வண்டி நகரும்போது அக்கா எனக்குக் கையாட்டினாள். இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஆட்டினாள். அதை அவள் கவனித்தாளா என்று தெரியாது.

அங்கே நடந்ததை வந்த பிறகு அவள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். வீட்டு வாசலில் பலாமரம். மகள் இவர்களை உள்ளே கூப்பிடவே மறந்துவிட்டாளாம். கூரியர் வருமென்று காத்திருந்தவள் வீட்டுக்கு ஆளே வந்தால் என்ன செய்வாள். அந்த அம்மா அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையை அவர் அக்குளில் வைத்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"ரவிக்கைய அவுத்துக் காட்டினேன். தடவிப் பாருன்னு அவங்க கையப் புடிச்சி வச்சேன். தையல் போன வழி பூரா தடவினாங்க. அப்பறம் அவங்களும் காட்டினாங்க. எனக்கு ஆறினதுக்கு அவங்களுது இன்னும் நல்லாவே ஆறிக்கிட்டிருக்குதுடி. அதச் சொல்லத் தெரியாம சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க."

இதைச் சொல்லும்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தழும்பைக் கட்டு மாற்றிய நர்சுகளைத் தவிர யாருக்கும் அவள் காட்டியதில்லை. எனக்கும் காட்டியதில்லை.

கதவு திறந்தபோது இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்களாம். அந்த அம்மா அடுப்படிக்குப் போய், மகள் தடுத்தும் கேட்காமல், புட்டும் மீன்கறியும் தானே எடுத்து வைத்தார். மாமா அந்த வீட்டு மருமகனோடு மத்தி மீன் விலையைப் பற்றி இரண்டு மொழியில் பேசி முடித்திருந்தார். கிளம்பும்போது அந்த அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டு "மெர்சி" என்றாராம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நன்றி சொல்ல அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை மட்டும் வீட்டில் மிச்சமிருக்கிறது. புதுச்சேரியில் எங்களுக்கும் அது தெரியும். அக்காவும் மெர்சி என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான்.

அன்று சாயங்காலம் எனக்கு வீடியோவில் கூப்பிட்டாள். முதலில் மாமாவின் காது தெரிந்தது, பிறகு மணல், பிறகு கடல். காற்று இரைச்சலில் அவள் குரல் விட்டுவிட்டு வந்தது.

"சூரியன் எதிர்ப் பக்கம் போவுது பாருடி. நம்ம ஊர்ல கடல்ல இருந்து வரும். இங்க கடலுக்குள்ள எறங்குது."

அவள் முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது. இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. போனை மாமா வாங்கி, தானும் பார்த்ததற்குச் சாட்சியாக, ஆமாம் ஆமாம் என்றார்.

அவர்கள் திரும்பி வந்ததும் கட்டணத்தைத் திருத்த உட்கார்ந்தோம். காந்தி வீதி வரிக்கணக்கு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம், வரிக்கு மாநிலத்தைப் பார், கூரியருக்குப் பின்கோடைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படிப் பார்த்தால் எல்லாம் நேராகிவிட்டது. எங்கள் பின்கோடு தொடங்கும் அதே எண்களில்தான் விழுப்புரம் பக்கத்து ஊர்களும் தொடங்குகின்றன, திண்டிவனம் ஒரு எண்தான் தள்ளி. கோரிமேட்டுக்கு இந்தாண்டையும் அந்தாண்டையும் கூரியர் கணக்கில் ஒரே வட்டத்துக்குள் வந்தன. திண்டிவனத்துப் பெண்ணுக்கும் இனி உள்ளூர் மாதிரியே பூஜ்யம்தான் என்றதும் அக்காவுக்கு அவ்வளவு திருப்தி.

மாஹேவைத் தென் மாநிலங்களோடு சேர்த்தேன். காரைக்காலையும் சேர்த்தேன். ஏனாமில் கை வைக்கும்போது அவள் என் விரலைத் தள்ளிவிட்டாள். அது பூஜ்யமாகவே இருக்கட்டும் என்றாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். ஆந்திராவில், கோதாவரிக் கரையில் என்று உடனே சொன்னாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், அந்தப் பக்கம் நெல் நன்றாக விளையும் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். விட்டுவிட்டேன்.

மாஹே அம்மா தலையணையை மாட்டிக்கொண்டு கோழிக்கோட்டுக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டும். கேரளாவிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கின. பெரிய வியாபாரம் இல்லை. நான் கல்லூரி வேலைக்குத் திரும்பிவிட்டேன், சனி ஞாயிறில் தைக்கிறேன். அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அங்கே அவளோடு முன்பு தையல் கம்பெனிக்குப் போய்வந்த பெண்கள் இரண்டு பேர் இப்போது பஞ்சு அடைக்க வருகிறார்கள். பரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்கினால் அவளுக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. எனக்கும்தான். இதுவரை நல்லபடியாகவே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

போன வாரம் அவள் தவளக்குப்பத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி, அடைத்த தலையணைகளைப் பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மாமாவின் வண்டியில் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்கு, தங்கச்சியைப் பார்க்க வண்டி எதற்கு என்றாள். மூட்டைக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டாராம். எடையே இல்லாத பொருளுக்கு எதற்குக் காசு என்று அவரிடம் முருங்கப்பாக்கம் வரைக்கும் சண்டை போட்டதாகவும், கடைசியில் அவரும் எடைக்கு இல்லை, இடத்துக்கு என்று சொன்னதாகவும் சொல்லிக்கொண்டே, புடவையை மடித்துச் செருகிக்கொண்டு எனக்கும் சேர்த்துக் காபி போடப் போனாள்.